வேதாரண்யத்துக்கு மாற்றலாகி வருகிறோம், புயல் மழைக்கு எப்படித் தயாராவது?

கோயம்புத்தூரிலிருந்து மாற்றல், மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் கூட, அக்டோபரில் குடிவருகிறோம், அரசு அறிவிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம், வீட்டில் என்ன வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் சொன்னவர்கள் டார்ச் லைட், மெழுகுவர்த்தி, பிஸ்கட் என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். தப்பில்லை. ஆனால் அவர்கள் யாரும் 2018 கஜா புயலில் இங்கே இருந்ததில்லை என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது. பிஸ்கட் இல்லாமல் யாரும் கஷ்டப்படவில்லை. தண்ணீர் இல்லாமல்தான் அலைந்தோம்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே. மணல் பூமி. மல்லிகை, முல்லை, மாமரம், கொஞ்சம் தென்னை. கடலோரம் என்றாலே மீன்பிடிக் குப்பம் என்று நினைத்துக்கொண்டு "நாங்கள் மீனவர் இல்லையே, எங்களுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்துமா" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நாங்களும் மீனவர் இல்லை. எங்கள் கூரையும்தான் போனது.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. சாயங்காலம் நாலு மணி இருக்கும், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்தது. ஓட்டு வீடு, கூரை வீடு, ஷீட் வீட்டில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. எங்கள் வீடு சிமெண்ட் ஷீட். அம்மா உடனே ரேஷன் கார்டு, பட்டா எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போகவேண்டாம் என்று தடுத்தது நான்தான். இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

என் பக்கத்து நியாயம் அப்போது இப்படி இருந்தது. கஜா முதலில் வட தமிழகம், ஆந்திரா பக்கம் போகும் என்றார்கள். அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றார்கள். அது எவ்வளவு நீளமான கரை! 2016 டிசம்பரில் நாடா என்று ஒன்றுக்கு இதே மாதிரி அமர்க்களம் செய்தார்கள், அது காரைக்கால் பக்கம் நமத்துப்போன பட்டாசாகக் கரையேறியது. அன்று சாயங்காலம் இங்கே பெரிய மழைகூட இல்லை. "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, கொசுக்கடியில போய்ப் படுக்கணுமா" என்றேன். அம்மா 1977 நவம்பர் புயலில் இந்த ஊரில் புதுப்பெண்ணாக இருந்தவர். "நீ பார்த்ததில்லடா" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்து இரண்டு நாளைக்குச் சோறு வடித்தார், வீட்டில் இருந்த அத்தனை குடத்திலும் அண்டாவிலும் தண்ணீர் பிடித்தார். அந்த அண்டாதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

நள்ளிரவுக்கு மேல் காற்று வடக்கேயிருந்து வந்தது. மணிக்கு 100, 110 கிலோமீட்டர், இடையிடையே 120 என்று அன்று வானிலைத் துறை சொன்ன கணக்கு. எண்ணாகப் படித்தால் ஒன்றும் தெரியாது. லாரி ஒன்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி சத்தம். முதல் ஷீட் போனதும் மற்றவை சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாகப் போயின. சமையல்கட்டில் கான்கிரீட் பரண் ஒன்று உண்டு, அதற்குக் கீழே அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

ஒன்றரை மணி போல எல்லாம் நின்றுவிட்டது. அப்படியொரு அமைதி. முடிந்துவிட்டது என்று நினைத்து மாட்டைப் பார்க்க எழுந்தேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். "இது கண்ணுடா. இனிமே தெற்கேருந்து திரும்பி வரும்." உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான், மனதில் வையுங்கள்: புயல் நம் தலைக்கு மேல் போனால் நடுவில் காற்று அடங்கும், சில நிமிஷமா அரை மணியா என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் வரும். முதல் பாதியில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் இரண்டாம் பாதியில்தான் விழும். வெளியே வந்து வேடிக்கை பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

நாங்கள் அந்த இடைவெளியில் எதிர்வீட்டுச் சித்தப்பாவின் மாடி வீட்டுக்கு ஓடினோம். முப்பது அடிதான். இப்போதுதானே வெளியே வரக்கூடாது என்றாய், நீ மட்டும் ஓடினாயே என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், ஓடினோம், தலைக்கு மேல் கூரை இல்லை. நாலு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தால் அந்த ஓட்டமே தேவைப்பட்டிருக்காது.

சரி, புயல் இவ்வளவுதான், ஒரு ராத்திரி. எல்லோரும் அந்த ராத்திரிக்குத்தான் தயாராகிறார்கள். எங்களுக்கு அதற்குப் பின்னால் 23 நாள் கரண்ட் இல்லை.

டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வேலை பார்த்தார்கள், அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் கரண்ட் இல்லை என்றால் இந்தப் பகுதியில் என்ன நடக்கும் என்று கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரியாது. இங்கே நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிக்கிற தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருகிறது. மோட்டார் ஓடவில்லையென்றால் குழாயில் காற்றுகூட வராது. வாடகை ஜெனரேட்டரை வண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுவந்து போர் தண்ணீரை ஏற்றி மொட்டைமாடித் தொட்டி நிரப்பினார்கள், எங்கள் தெருவில் ஒரு தொட்டிக்கு 150 ரூபாயில் தொடங்கி மூன்றாம் நாள் 300 ஆனது. அதுவும் குளிக்க, துவைக்கத்தான் ஆகும். குடிக்க லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

இன்னொன்று பணம். என் கையில் அன்று 340 ரூபாய் இருந்தது. ஏடிஎம் வேலை செய்யவில்லை, செல்போன் டவர் இல்லை. இப்போது எல்லோரும் டீக்கடையில்கூட ஜிபே செய்கிறீர்கள். சிக்னல் இல்லாத பத்து நாளில் அதை வைத்து என்ன செய்வீர்கள்? நூறும் ஐம்பதுமாக ஐந்தாறாயிரம் ரொக்கம், வண்டியில் முழு டேங்க் பெட்ரோல், மூடி போட்ட இரண்டு 200 லிட்டர் டிரம், ஒரு கேஸ் சிலிண்டர் கூடுதலாக. பிள்ளைகளுக்கு மாத்திரை, பால் பவுடர் ஒரு மாதத்துக்கு. அக்டோபர் பதினைந்துக்குள் இது தயாராக இருந்தால் போதும், மெழுகுவர்த்தியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், எங்கள் தெருவில் டிசம்பரில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. வெள்ளம் புகுந்த வீட்டுக்குள் கையைவிடுமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பு ஒண்டியிருக்கும்.

அறிவிப்பை நம்பலாமா என்றீர்கள். நம்புங்கள், ஆனால் தலைப்போடு நிறுத்தாமல் உள்ளே படித்து நம்புங்கள். கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை என்றால் 12 முதல் 20, அதி கனமழை என்றால் 20-க்கு மேல். முன்னால் வரும் ஒரு சொல்தான் வித்தியாசம், டிவியில் மூன்றையும் ஒரே குரலில்தான் கத்துவார்கள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செய்ய வேண்டியதைச் செய். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் உரியது, ஒன்றாம் எண் ஏற்றினார்கள் என்று பெட்டி கட்டாதீர்கள், அது எங்கோ தூரக் கடலில் ஒன்று உருவாகியிருக்கிறது என்று சொல்வது. 8, 9, 10 என்றால் அது வேறு. பதினொன்று என்பது வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

புயல் கரையேறும் இடத்தை மாற்றி மாற்றிச் சொல்வதைப் பொய் என்று நினைக்காதீர்கள், நான் செய்த தப்பு அதுதான். 2024-இல் ஃபெஞ்சல் புயல் எங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுக்க வைத்து, கடலில் மெதுவாக நகர்ந்து, கடைசியில் நவம்பர் 30 புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. "பாத்தியா, ஒண்ணும் வரல" என்றார்கள் எங்கள் ஊரில். புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு மழை. அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் ஒன்றும் வரவில்லை என்று.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, கரண்டுக்கு மின்னகம் 94987 94987. ஆட்சியரின் சமூக வலைத்தளப் பக்கத்தில் வருவதைப் பாருங்கள், ஆனால் அதற்குக் கீழே "சார் நாளைக்கு லீவு விடுங்க சார்" என்று ஆயிரம் பிள்ளைகள் கெஞ்சுவதைத் தாண்டித்தான் முகாம் விவரத்தைத் தேட வேண்டியிருக்கும். இதையெல்லாம்விட உங்கள் பகுதி விஏஓவின் எண்ணும் தலையாரியின் எண்ணும் முக்கியம். குடிவந்த முதல் வாரத்திலேயே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். புயல் அன்று பேசினால் அவர்களுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நீங்கள் கேட்கவில்லை, பரவாயில்லை. கஜா வந்தபோது எங்கள் ஊராட்சிக்குத் தலைவரே கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர்வரை ஊரகத் தேர்தல் நடக்கவில்லை. எங்கள் ஊரில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்கத் தனி அலுவலர் ஆட்சி. ஒரு அலுவலரின் கையில் எத்தனையோ ஊர், எந்தத் தெருவில் கிழவி தனியாக இருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தோற்ற கட்சிக்காரனாக இருந்தாலும் வார்டு மெம்பர் என்று ஒருவன் இருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். எங்களுக்குச் சத்தம் போடக்கூட வாசல் இல்லை. அடுத்து வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, மறுபடியும் தனி அலுவலர் கைக்குப் போனது. இதில் எந்தக் கட்சியையும் நான் திட்டவில்லை. 2016-இல் இருந்தது ஒரு கட்சி, 2025-இல் இருந்தது இன்னொரு கட்சி. நீங்கள் வேதாரண்யம் நகராட்சி எல்லைக்குள் வீடு பார்த்தால் கதை வேறு, அங்கே 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது.

நிவாரணம் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்குப் பதினொரு மாமரம் சாய்ந்தது. வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று ஒரு வாரத்தில் வெட்டி விறகுக்குக் கொடுத்துவிட்டேன். கணக்கெடுக்க வந்தவர் "மரம் எங்கே?" என்றார். அடிக்கட்டையைக் காட்டினேன். நாலுதான் எழுதினார், மற்றவை "பழைய கட்டை மாதிரி இருக்கு" என்றார். தென்னைக்கு அறிவித்தார்கள், வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய். பூந்தோட்டக்காரனும் மாந்தோப்புக்காரனும் டிவியில் ஒரு இடத்திலும் வரவில்லை. அதை விடுங்கள். உங்களுக்குத் தோப்பு இருக்காது, ஆனால் வண்டி, ஃப்ரிட்ஜ், கூரை எதுவாக இருந்தாலும் இடத்தை விட்டு நகர்த்துவதற்கு முன் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். அதற்காகவே பவர் பேங்க் ஒன்றைத் தொடாமல் முழு சார்ஜில் வைத்திருங்கள். என் போன் அன்று செத்துக் கிடந்தது.

வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள், கான்கிரீட் கூரையா, பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர் வருகிற கைப்பம்பு இருக்கிறதா, எந்தப் பள்ளிக்கூடம் அல்லது பாதுகாப்பு மையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். வாசலில் தென்னை இருந்தால் செப்டம்பரிலேயே ஆள் விட்டுக் காய்களையும் பழுத்த மட்டைகளையும் இறக்கச் சொல்லுங்கள், தலைப்பாரம் குறைந்த மரம் தாக்குப்பிடிக்கும்.

தார்ப்பாயை மட்டும் கோயம்புத்தூரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள், கனமானதாக இரண்டு. இங்கே நவம்பரில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்த அன்றைக்கே விலை ஏறிவிடும்.