அப்பா பார்த்த ஜூ

கேள்வி: எங்க வீட்ல மூணு தலைமுறையா வண்டலூர் ஜூ பைத்தியம் சார். ஆனா அப்பா மட்டும் "எங்க காலத்துல சென்ட்ரல் ஸ்டேஷன்கிட்டயே ஜூ இருந்துச்சு"ன்னு அடிச்சுப் பேசறாரு, நெஜமாவா?
– தாம்பரம் வாசகி

பதில்: நூத்துக்கு நூறு நெஜம்மா. 1855ல எழும்பூர் மியூசியம் வளாகத்துல ஆரம்பிச்சது, அப்புறம் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, அங்கயும் இடம் பத்தாம 1985லதான் வண்டலூர்ல திறந்தாங்க, இப்ப 602 ஹெக்டேர், நடந்தா முட்டி கழண்டுடும். பழைய ஜூன்னா எனக்கு சிங்கத்தைவிட அந்தக் கூண்டு வாடைதான் ஞாபகம், கம்பிக்குப் பின்னாடி நாலடி போகும், திரும்பும், பாவமா இருக்கும். அப்பாவைக் கூட்டிட்டுப் போய் கதை கேளுங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் கெளம்பிடாதீங்க, லீவு!