மலையும் கேமராவும்: இன்டர்ன்ஷிப் தேடுவோருக்குச் சில பதில்கள்

சாகச விளையாட்டுத் துறையில் புகைப்படம், வீடியோ, எழுத்து ஆகிய பணிகளுக்கு இன்டர்ன்ஷிப் பெறுவது எப்படி என்று கேட்டு வரும் கடிதங்கள் அண்மையில் கூடியிருக்கின்றன. மதுரை வட்டாரத்து வாசகர்கள் எழுதியவற்றை ஒன்றுசேர்த்து இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறேன். மலையேற்றத்திலும் சைக்கிள் பயணத்திலும் ஈடுபாடு உண்டு, படமும் எடுப்பேன். இத்துறையில் உள்ள பல நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியும் ஒருவரும் பதில் எழுதவில்லை. பெங்களூருக்கோ சென்னைக்கோ குடிபெயர்ந்தால்தான் வழி பிறக்குமா?
– கல்லூரி மாணவர், நாகமலைப் புதுக்கோட்டை

பதில்: உங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த மின்னஞ்சலின் நகலைப் படித்தேன். மலையும் கேமராவும் உங்கள் உயிர் என்று அது தொடங்குகிறது. கல்லூரி, மதிப்பெண், தெரிந்த மென்பொருள்கள் என்று தொடர்ந்து, வாய்ப்பு அளித்தால் கடுமையாக உழைப்பேன் என்று முடிகிறது. நீங்கள் இதுவரை செய்து முடித்த ஒரு வேலைகூட அதில் இல்லை. உங்களைப் போன்றவர்கள் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் இதையே சொல்வதால், படிப்பவருக்கு ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பிரித்தறிய வழியில்லாமல் போகிறது.

எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பெங்களூரில் மலையேற்றப் பைகளும் உடைகளும் விற்கும் வைல்ட்கிராஃப்ட், விளையாட்டுப் பொருள்கள் விற்கும் டெகத்லானின் இந்தியத் தலைமையகம், மலையேற்றங்களை நடத்தும் இந்தியாஹைக்ஸ் ஆகியவை இருக்கின்றன. சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸும் ராயல் என்ஃபீல்டும் இருக்கின்றன. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குப் பள்ளிகள் உள்ளன. இவற்றுள் பெரிய நிறுவனங்களில்தான் ஊடகப் பணிக்கென்று தனிப் பிரிவு இருக்கும். அவற்றின் இணையதளத்தில் உள்ள வேலைவாய்ப்புப் பக்கத்தின் வழியாக விண்ணப்பிப்பதே முறை. சிறிய நிறுவனங்களிலும் மாரத்தான், சைக்கிள் பந்தயம் நடத்தும் குழுக்களிலும் நிலைமை வேறு. அங்கே ஒருவரே படம் எடுப்பார், அவரே எடிட் செய்வார், அவரே இன்ஸ்டாகிராமில் பதிவிடுவார், வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பையும் அவரே எடுப்பார். அவருடைய சுமையில் எந்தப் பகுதியை உங்களால் இறக்கி வைக்க முடியும் என்பதற்கு உங்கள் கடிதம் விடை சொல்ல வேண்டும்.

அந்த விடையை உருவாக்க நீங்கள் மதுரையை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. விடியற்காலையில் அழகர்கோவில் சாலையில் சைக்கிள் மிதிப்பவர்களையும், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுபவர்களையும் நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் தயாராகும் ஒரு போட்டியை மையமாக வைத்து ஒரு முழுக் கதையைச் செய்து முடியுங்கள். எடுத்துக்காட்டாக, ப்ரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் குறிக்கப்பட்ட நிலையங்களில் அட்டையில் பதிவு பெற வேண்டும். நிலையங்களுக்கு இடையே வெளியார் உதவி கூடாது என்பது விதி. இரக்கப்பட்டு நடுவழியில் நீங்கள் நீட்டும் தண்ணீர் பாட்டில்கூட அவருடைய பயணத்தைச் செல்லாததாக்கிவிடக்கூடும். ஆகவே உங்கள் வண்டி அவரைப் பின்தொடரக் கூடாது. முன்கூட்டியே போய் ஓரிடத்தில் காத்திருக்க வேண்டும். இது தெரிந்து எடுத்த படங்களுக்கும் தெரியாமல் எடுத்த படங்களுக்கும் உள்ள வேறுபாடு, அந்த விளையாட்டில் இருப்பவரின் கண்ணுக்கு உடனே புலப்பட்டுவிடும். வியர்வை காய்ந்து உப்புக் கோடு படிந்த சட்டை, அட்டையை நீட்டும் நடுங்கும் விரல்கள், இளநீர்க் கடையின் திண்ணையில் காலணியைக் கழற்றாமலேயே கண்மூடிக் கிடக்கும் பத்து நிமிடம் ஆகியவற்றை எடுங்கள். வெற்றிக்கோட்டில் கை உயர்த்தும் படம் எல்லோரிடமும் இருக்கிறது.

எடுத்தவற்றில் பத்துப் படங்களையும் ஒரு நிமிட வீடியோ ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது, என்ன செய்கிறார் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி எழுதுங்கள். பெயரில் எழுத்துப்பிழை வரவே கூடாது. போட்டி முடிந்த அன்று இரவே அவற்றை அதை நடத்திய குழுவிடம் கொடுத்துவிடுங்கள். மறுநாள் மாலைக்குள் செய்தி பழசாகிவிடும் துறை இது; இரவோடு இரவாகக் கொடுக்கும் பழக்கம் உள்ளவரைப் பற்றிய பேச்சு குழுவிலிருந்து குழுவுக்குத் தானே பரவும். இந்த ஒரு வேலை கையில் இருந்தால் உங்கள் மின்னஞ்சல் ஐந்து வரிக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். தமிழ்நாட்டில் சைக்கிளும் ஷூவும் கூடாரமும் விற்கும் நிறுவனங்கள் பலவும் நம் மக்களிடம் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருக்கின்றன. உசிலம்பட்டியிலோ சோழவந்தானிலோ முதன்முதலாக ஓட்டப் பயிற்சி தொடங்கும் ஒருவருக்குக் காலணி தேர்ந்தெடுப்பதைப் பிழையற்ற, உயிருள்ள தமிழில் சொல்லத் தெரிந்தவர் இத்துறையில் அரிது. இதை உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் பதிவு ஒன்றை எடுத்துத் தமிழில் எழுதியும் காட்டுங்கள்.

காலமும் முக்கியம். இமயமலைப் பயணங்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், மழை ஓய்ந்த பின் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மும்முரமாக நடப்பவை. அவற்றை நடத்துவோருக்கு மே மாதத்தில் கடிதம் எழுதினால் படிக்க ஆள் இருக்காது. சனவரியிலும் சூன் இறுதியிலும் எழுதுங்கள்.

கேள்வி: என்னிடம் நடுத்தர விலையில் வாங்கிய போன் மட்டுமே இருக்கிறது. பாறையேற்றத்தைப் படம்பிடிக்க ஆசை. கடன் வாங்கியாவது கேமரா வாங்க வேண்டுமா?
– மாணவி, திண்டுக்கல்

பதில்: கடன் வேண்டாம். முதல் கதைக்குப் போன் போதும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் லென்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் காற்றுத் தடுப்புப் பஞ்சுடன் கூடிய ஒரு சிறிய மைக் வாங்குங்கள். திறந்தவெளியில் எடுத்த வீடியோக்கள் பெரும்பாலும் படத்தால் கெடுவதில்லை. காற்றின் இரைச்சலால்தான் கெடுகின்றன. போனில் ஷட்டர் வேகத்தை நாமே அமைக்கும் வசதி இருந்தால் பழகிக்கொள்ளுங்கள். ஓடுபவரை அசையாமல் உறைய வைக்க 1/1000 நொடி வேண்டும். சைக்கிளோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிப் பின்னணியை இழுத்துக் காட்ட 1/30 முதல் 1/60 வரை போதும். நம் ஊர் வெயிலில் காலை எட்டரை மணிக்குப் பிறகு முகங்கள் தொப்பியின் நிழலில் கறுத்துப்போகும்; அதற்குள் முக்கியமானவற்றை முடித்துவிட வேண்டும்.

பாறையேற்றத்தைப் பொறுத்தவரை கருவியைவிடக் கயிறு முக்கியம். கீழே நின்று எடுத்தால் ஏறுபவரின் முதுகும் காலும்தான் படத்தில் வரும். முகமும் பிடியும் தெரிய வேண்டுமானால், படமெடுப்பவர் சுற்றுவழியில் உச்சிக்குப் போய், அதிகம் நீளாத வகைக் கயிற்றை உறுதியான இரண்டு பிடிமானங்களில் கட்டி, ஏறுபவரின் பாதைக்குச் சற்று விலகித் தொங்கிக்கொண்டு எடுக்க வேண்டும். கேமராவுக்குத் தனிக் கயிறு உண்டு. தொங்கும் இடத்தில் லென்ஸ் மாற்றக் கூடாது. கைதவறி விழும் ஒரு மூடிகூட, கீழே கயிறு பிடித்து நிற்பவரின் தலையைப் பதம் பார்க்கும். ஆகவே முறையான பயிற்றுநரிடம் கயிற்று வேலையைக் கற்றுக்கொண்ட பிறகே இதில் இறங்குங்கள். கயிறு தெரிந்த படப்பிடிப்பாளர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், அந்தப் பயிற்சி உங்கள் விண்ணப்பத்துக்கும் எடை சேர்க்கும்.

கேள்வி: குரங்கணிப் பக்கம் போய் டிரோனில் ஒரு வீடியோ எடுத்து அதையே என் மாதிரிப் படைப்பாக அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அனுமதி வேண்டுமா?
– இளைஞர், உசிலம்பட்டி

பதில்: கட்டாயம் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் வட்டாரத்தில் எவரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின்கீழ் 40 பாதைகள் திறக்கப்பட்டன. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன்தான் போக முடியும். அந்த நுழைவுச்சீட்டு நடப்பதற்குத்தான். நிறுவனத்துக்காகவோ விளம்பரத்துக்காகவோ படமெடுக்க வனத்துறையிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றிக் காட்டில் எடுத்த வீடியோவைப் பொறுப்புள்ள எந்த நிறுவனமும் தன் பக்கத்தில் வெளியிடாது. அதை அனுப்பியவரை வேலைக்கும் எடுக்காது.

டிரோனுக்கு 2021ஆம் ஆண்டின் விதிகள் பொருந்தும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை எடையுள்ள டிரோனைச் சொந்த விருப்பத்துக்குப் பறக்கவிட விமானிச் சான்றிதழ் தேவையில்லை. வணிக வேலைக்குப் பறக்கவிட்டால் தேவை. மதுரை விமான நிலையம் நகரின் தெற்கே இருப்பதால், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் பக்கம் வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் டிரோனை எழுப்பவே கூடாது. கீழக்குயில்குடி சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே பாறையேற்றம் கூடாது. அரிட்டாபட்டி 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். வல்லூறும் கழுகும் வாழும் அந்தக் குன்றுகளுக்கு மேலே டிரோனை ஓட்டுவது பறவைகளுக்குச் செய்யும் கொடுமை.

கேள்வி: என் மகளுக்கு வடமாநிலம் ஒன்றில் மலை முகாமில் மூன்று மாதம் வீடியோ எடுக்கும் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. சம்பளம் இல்லை. பயிற்சிக் கட்டணமாக 15,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
– ஒரு தந்தை, மேலூர்

பதில்: ஐயா, பணம் கட்டாதீர்கள். உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் உள்ள மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் கட்டணம் பெறுகின்றன என்றால், அவை பாடம் நடத்துகின்றன, சான்றிதழும் தருகின்றன. உங்கள் மகளோ அவர்களுக்கு வேலை செய்யப் போகிறார். வேலை வாங்கிக்கொண்டு பணமும் கேட்பவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆனால் இந்த ஓர் அழைப்பு சரியில்லை என்பதற்காக அவரை இத்துறைக்கே போக வேண்டாம் என்று தடுத்துவிடாதீர்கள். வேறொரு இடத்திலிருந்து நல்ல அழைப்பு வரும்போது எழுத்தில் கடிதம் கேட்டு வாங்குங்கள். எத்தனை மாதம், மாதந்தோறும் எவ்வளவு தொகை, தங்குமிடமும் உணவும் யார் பொறுப்பு, யாருடைய மேற்பார்வை, விபத்துக் காப்பீடு உயர மலைப் பகுதிக்கும் செல்லுமா என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். காப்பீட்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. குழுவைப் படமெடுப்பவர் முன்னால் ஓடிப்போய் நிற்கிறார், எல்லோரும் கடந்ததும் மறுபடி ஓடிப்போய் முன்னால் நிற்கிறார். மற்றவர்களைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறார். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் உயர மலை நோய் எவரையும் தாக்கலாம். தலைவலியும் வாந்தியும் கண்டால் மேலே ஏறாமல் நிறுத்தும் ஒழுங்கு அந்த நிறுவனத்தில் இருக்கிறதா என்று உங்கள் மகள் நேரடியாகக் கேட்க வேண்டும்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் பெறாத பயிற்சியாளருக்கும் பொருந்தும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம். அங்கே முன்பு பணிபுரிந்த பெண் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். நல்ல நிறுவனம் தயங்காமல் எண்ணைத் தரும்.

கேள்வி: பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் இத்துறைக்கு விண்ணப்பிக்கலாமா? நான் இரண்டாமாண்டு பட்டப்படிப்பு மாணவன்.
– திருமங்கலம் வாசகர்

பதில்: 2024 அக்டோபரில் அத்திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர் விண்ணப்பிக்க முடியாது, வயது 21 முதல் 24க்குள் இருக்க வேண்டும். படிப்பு முடிந்த பின் பாருங்கள். இப்போதைக்கு ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் இன்டர்ன்ஷிப் தளத்திலும், இன்டர்ன்ஷாலா என்ற இணையதளத்திலும் தேடுங்கள். ‘அட்வென்ச்சர்’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல் ‘கன்டென்ட்’, ‘வீடியோ எடிட்டிங்’, ‘சோஷியல் மீடியா’ என்றும் ஆங்கிலத்தில் தேடுங்கள்; நிறுவனங்கள் இந்த வேலைக்கு வைக்கும் பெயர் அதுதான்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்தபோது நான் எடுத்த படங்கள் இப்போது அவர்களுடைய விளம்பரத்தில் வருகின்றன. என் பெயர் எங்கும் இல்லை. உரிமை கோரலாமா?
– தேனி வாசகர்

பதில்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின்கீழ் அல்லது பயிற்சியாளராக இருந்து உருவாக்கிய படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியளித்தவரே முதல் உரிமையாளர். ஆகவே விளம்பரத்தில் பயன்படுத்தியதற்காக உங்களால் பணம் கேட்க முடியுமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட கடிதத்தைப் பொறுத்தது. உதவித்தொகையும் இல்லாமல் கடிதமும் இல்லாமல் செய்திருந்தால் உங்கள் தரப்பு வலுப்பெறக்கூடும். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு படைப்பாளிக்குத் தனியாகத் தந்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, படத்தின் கீழே பெயர் வெளியிடும்படியும், உங்கள் போர்ட்ஃபோலியோவில் அந்தப் படங்களை வைத்துக்கொள்ள ஒப்புதல் தரும்படியும் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எடுத்த நாளின் விவரம் பதிந்துள்ள மூலக் கோப்புகளை அழித்துவிடாமல் இரண்டு இடங்களில் வைத்திருங்கள். அடுத்த இன்டர்ன்ஷிப்பில் சேரும் முன்பே இந்த இரண்டு வரிகளையும் கடிதத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.