நைட்ரேட்டை மறந்த புரதம்

அன்புள்ள ஐயா,

வேர் முடிச்சுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும் பாக்டீரியாவுக்குப் பயறினச் செடிகள் வேரில் வீடு கட்டித் தருகின்றன, சரி. இவ்வளவு சிக்கலான வேலைக்கான மரபணுக்கள் அவற்றுக்கு எங்கிருந்து வந்தன? நெல்லுக்கு ஏன் வரவில்லை?

செ.

அன்புள்ள செ.,

வேண்டிய சாமான்களில் பெரும்பாலானவை நெல்லிடமும் இருக்கின்றன. என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான்.

1999இல் லோட்டஸ் ஜப்போனிக்கஸ் என்ற சிறிய பயறினச் செடியில் 'நின்' என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது பழுதான செடியில், பாக்டீரியா அருகே வந்ததும் வேர்த்தூவி அளவுக்கு மீறிச் சுருளும். ஆனால் பாக்டீரியா உள்ளே நுழைய வழி திறக்காது, முடிச்சும் வராது. நின் ஒரு படியெடுத்தல் காரணி; அதாவது, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம்.

இதே குடும்பத்தில் பிறந்த பங்காளிகள் என்.எல்.பி. புரதங்கள். நெல், கோதுமை எல்லாவற்றிலும் உண்டு. மண்ணிலிருந்து செடி எடுக்கும் நைட்ரஜன் சத்தான நைட்ரேட் கிடைத்ததும் விழித்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தும் மரபணுக்களை எழுப்புவது அவற்றின் பரம்பரைத் தொழில். பயறினங்களின் நின் அந்த நைட்ரேட் உணர்வை இழந்துவிட்டது. அதை இப்போது எழுப்புவது சைக்ளாப்ஸ் என்ற இன்னொரு காரணி. சைக்ளாப்ஸோ, வேரில் வாழும் பூஞ்சைகளோடு செடிகள் 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கும் உறவுக்கு உழைத்துவந்த பழைய ஆள். நெல்லிலும் அது இருக்கிறது.

அப்புறம், முடிச்சை எழுப்பும் வேலை. பக்கவேர் முளைக்க உதவும் எல்.பி.டி.16 என்ற மரபணு பயறினமல்லாத செடிகளிலும் உண்டு. பயறினங்களில் அந்த மரபணுவுக்குள்ளேயே நின் வந்து உட்கார ஓர் இடம் உருவாகியிருக்கிறது. டிஎன்ஏவில் சில எழுத்துகள் மாறியதில், பக்கவேருக்கான ஏற்பாடு முடிச்சுக்கும் கைகொடுத்தது. பழைய பங்காளிகளும் ஒதுங்கிவிடவில்லை: மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் ஒரு என்.எல்.பி. குறுக்கே வந்து நின்னின் வேலையைத் தடுக்கிறது. உரம் அதிகமான நிலத்தில் முடிச்சு குறைவது இதனால்தான்.

முடிச்சுப் போடும் செடிகள் எல்லாம் நான்கே தாவர வரிசைகளுக்குள் (வரிசை என்பது பல தாவரக் குடும்பங்கள் சேர்ந்த தொகுதி) அடங்குகின்றன. நெல் அந்தக் கிளைக்கு வெகு தொலைவில் இருப்பதால், இந்தப் புதிய இணைப்புகள் அதற்கு அமையவில்லை. ஆனால் அந்த நான்கு வரிசைகளுக்குள்ளும் முடிச்சில்லாத செடிகள் ஏராளம். 2018இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வுகள், அவற்றில் பல நின்னை இழந்துவிட்டதைக் காட்டின. பாராஸ்போனியா என்ற மரம் முடிச்சுப் போடும். அதன் மிக நெருங்கிய உறவான ட்ரீமாவில் நின் சிதைந்து கிடக்கிறது. கிடைத்ததை மட்டுமல்ல, கைவிட்டதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

பூக்கும் பருவத்தில் ஒரு பயறுச் செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரைக் கழுவி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம், முடிச்சுக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தினுடையது. அதன் மரபணுக்களை முடுக்குவதும் நின்னும் ஒரு என்.எல்.பி.யும்தான்.