மகளுக்கு நுரையீரல் ரத்த அழுத்தம்: மரபணுப் பரிசோதனையால் என்ன பயன்?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. ஓடி விளையாடும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தாள். வலிப்பு என்று நினைத்து முதலில் அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு எக்கோ, கதீட்டர் பரிசோதனை எல்லாம் செய்து, நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது, காரணம் தெரியாத வகை என்கிறார்கள். சில்டெனாஃபிலும் போசென்டானும் தொடங்கியாகிவிட்டது. இப்போது மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கேட்கிறார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இந்த நோய் கிடையாது. மருந்துதான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களே, இனி இந்தப் பரிசோதனை எதற்கு? 11 வயது மகனுக்கும் செய்ய வேண்டுமா? கர்ப்பமாக இருந்தபோது நான் செய்த ஏதோ தவறுதான் இதற்குக் காரணமோ?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் மகளுக்கு வந்திருக்கும் வகையைக் கர்ப்ப காலத்து உணவோ அலைச்சலோ மன உளைச்சலோ உண்டாக்குவதில்லை. மரபணுவில் பிழை இருந்தால் அது கரு உருவாகும் கட்டத்திலேயே அமைந்துவிடுகிறது. உங்கள் பக்கத்திலிருந்து வந்ததா, கணவர் பக்கத்திலிருந்து வந்ததா என்ற பேச்சு வீட்டில் எழுந்தால் அதையும் அப்போதே நிறுத்திவிடுங்கள். தன் மரபணுவை யாரும் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை.

அடுத்து, "குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்பது. மரபணுக் காரணம் இல்லை என்பதற்கு இது சான்றாகாது. இந்த நோயில் மிக அதிகமாகப் பழுதாகும் மரபணு பிஎம்பிஆர்2. 2000ஆம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார்கள். குடும்பத்தில் பலருக்கு நோய் இருக்கும் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு இதுவே காரணம். ஆனால் பிழையைச் சுமக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தால் பெண்களில் ஏறக்குறைய 42%, ஆண்களில் ஏறக்குறைய 14% பேருக்குத்தான் நோய் வெளிப்படுகிறது. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து மகளுக்கும் வந்திருக்கலாம். அந்த இரண்டு ஆண்களும் கடைசிவரை நலமாகவே இருந்திருக்கலாம். இன்னொன்று, குழந்தைகளில் கணிசமான பேருக்குப் பிழை பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவே தோன்றியிருக்கும்.

இந்த மரபணு என்ன செய்கிறது? நுரையீரலின் நுண்ணிய தமனிகளின் உட்சுவர் செல்கள் மேல் ஒரு ஏற்பியை, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெறும் புரதத்தை, உருவாக்குகிறது. செல்கள் கட்டுக்குள் வளர வேண்டும் என்ற சமிக்ஞை அதன் வழியாகத்தான் போகிறது. இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. அதோடு வேறு ஏதாவது தூண்டுதலும் சேரும்போது சுவர் தடித்து உள்துளை குறுகுகிறது. வலப்பக்க இதயம் அந்தக் குறுகலை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ஓடும்போது உடல் கேட்கும் அளவுக்கு ரத்தத்தை அதனால் அனுப்ப முடிவதில்லை, மூளைக்குப் போவது குறைகிறது. உங்கள் மகள் மயங்கி விழுந்தது அதனால்தான். வலிப்பு என்று குழம்புவது அடிக்கடி நடக்கிறது. ஓடும்போதோ படியேறும்போதோ மயங்கும் குழந்தைக்கு வலிப்பு மாத்திரை எழுதும் முன் ஒரு இசிஜியும் எக்கோவும் எடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருந்து கொடுக்கும்போது எதற்கு என்று கேட்டீர்கள். எந்த மரபணு என்று தெரிந்தால் மருத்துவர் எதைத் தேட வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்பது மாறுகிறது. மிக முக்கியமானது இஐஎஃப்2ஏகே4 என்ற மரபணு. இதில் குறுகுவது பெரும்பாலும் நுரையீரலின் சிரைகளும் தந்துகிகளும். எக்கோவில் பார்த்தால் மற்ற வகையைப் போலவேதான் தெரியும். தமனியை விரிக்கும் மருந்து கொடுத்தால் ரத்தம் வேகமாக உள்ளே வரும், வெளியேறும் வழி அடைத்திருக்கும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மகள் இப்போது சாப்பிடும் மருந்துகளும் தமனியை விரிப்பவைதான். அதனால் மருந்து தொடங்கியபின் மூச்சுத்திணறல் குறையாமல் கூடினால் உடனே மருத்துவரிடம் போங்கள், அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பிழையில் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். ரத்த உறவில் திருமணம் செய்த பெற்றோரின் பிள்ளைகளிடம் அதற்கு வாய்ப்பு கூடுதல். இந்த வகைக்கு மருந்துகளால் பெரிய பலன் இல்லை. நுரையீரல் மாற்று மையத்தோடு தொடக்கத்திலேயே தொடர்பு ஏற்படுத்திக்கொள்வார்கள்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது டிபிஎக்ஸ்4. இது நுரையீரல் வளர்ச்சியிலும் கால் எலும்புகளின் வளர்ச்சியிலும் பங்கு கொள்ளும் மரபணு. சில நேரம் சோதனைக்கு முன்பே கண்ணில் பட்டுவிடும். குழந்தையை உட்கார வைத்து முழங்காலைத் தடவிப் பார்த்தால் முட்டிச்சில்லு வயதுக்கு மீறிச் சிறியதாக இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. பாதத்தைப் பார்த்தால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அகலமான இடைவெளி தெரியும். முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று இதயநல மருத்துவர் சொன்னால் வியக்காதீர்கள். இந்தப் பிழை இருந்தால் நுரையீரலுக்கு சிடி ஸ்கேனும் தேவைப்படும். சில குழந்தைகளுக்கு நுரையீரல் வளர வளர அழுத்தம் இறங்குவதும் உண்டு, அதை மனதில் வைத்துத்தான் சிகிச்சையைத் திட்டமிடுவார்கள்.

ஏசிவிஆர்எல்1, எண்டோக்ளின் மரபணுக்களில் பிழை என்றால் மூளையிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் ரத்தக்குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக்கொண்டிருக்கின்றனவா என்று தேட வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா, உதட்டிலோ நாக்கிலோ சிறு சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று யோசித்துப் பாருங்கள், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சாக்ஸ்17 பிறவி இதயக் குறையோடு சேர்ந்து வரலாம். பிறந்த சில நாட்களிலேயே உடல் நீலம் பாரிக்கும் சிசுக்களிடம் ஃபாக்ஸ்எஃப்1 பார்க்கப்படும். 6 வயதில் தொடங்கியவளுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பிஎம்பிஆர்2 தானா என்று தெரிவதிலும் பயன் உண்டு. இந்தப் பிழை உள்ளவர்களுக்குக் கால்சியம் தடுப்பு மருந்துகளால் (ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஒரு வகை) மட்டும் நோய் கட்டுப்படுவது அரிது. நோய் தீவிரமாகும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் மருந்துகளைச் சேர்ப்பதில் தாமதிக்க மாட்டார்கள். இந்த ஏற்பி வழியில் கெட்ட சமநிலையைச் சரிசெய்யும் சோட்டாடெர்செப்ட் என்ற ஊசி மருந்துக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. குழந்தைகளிடம் ஆய்வு நடக்கிறது.

அறிக்கை கைக்கு வந்ததும் மரபணுவின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் வகைப்பாடு இருக்கும். "நோய் உண்டாக்கும்" அல்லது "நோய் உண்டாக்கக்கூடும்" என்றிருந்தால் அதை வைத்து முடிவெடுக்கலாம். "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்றிருந்தால் அதை வைத்து வீட்டில் வேறு யாருக்கும் சோதனை செய்யக் கூடாது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் மரபணுக் காரணம் அறவே இல்லை என்று ஆகிவிடாது. பிஎம்பிஆர்2-இல் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சாதாரண வரிசையாக்கத்தில் அது தவறிவிடலாம். அத்தகைய இழப்பையும் பார்க்கும் பரிசோதனைதானா என்று ரத்தம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

மகன் விஷயம். அவனுக்கு இப்போதே மரபணுச் சோதனை வேண்டாம். முதலில் மகளின் முடிவு வரட்டும். அவளிடம் உறுதியான பிழை கிடைத்தால் அதே ஒரு பிழையை உங்கள் இருவரிடமும் பாருங்கள். பிஎம்பிஆர்2 போன்ற மரபணுவில் அந்தப் பிழை உங்களில் ஒருவரிடம் இருந்தால் மகனுக்கு இருக்கும் வாய்ப்பு 50%. இருவரிடமும் இல்லை என்றால் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. பெற்றோரின் சில இனப்பெருக்கச் செல்களில் மட்டும் பிழை ஒளிந்திருப்பதுண்டு. மகனைச் சோதிக்கலாமா என்பதை மரபணு ஆலோசகரோடு பேசி முடிவு செய்யுங்கள். 11 வயதுப் பையனுக்கு விவரம் புரியும், அவனையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சோதிப்பதையே விரும்புவேன். இந்த நோய் சிறு வயதிலேயே தொடங்கக்கூடியது. பிழை இல்லையென்றால் அவன் வருடாவருடம் எக்கோவுக்கு வர வேண்டியதில்லை. இருந்தால், மருந்து எதுவும் இல்லாமல் ஆண்டுக்கொருமுறை எக்கோ, இசிஜி, ரத்தப் பரிசோதனை போதும். நோய் வெளிப்படாமல் பிழையைச் சுமப்பவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், பிஎம்பிஆர்2 பிழை உள்ள 55 பேரில் 5 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் 2 பேருக்கு முதல் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டது.

பிழை உள்ளவர் என்று உறுதியானால் பசியைக் குறைக்கும் மாத்திரைகள் கூடவே கூடாது. வலிப்பு என்று ஒருமுறை பெயர் வந்துவிட்ட வீடு என்பதால் இதையும் சொல்கிறேன்: முன்பு உடல் எடைக்குக் கொடுத்து, நுரையீரலையும் இதய வால்வுகளையும் பாதித்ததால் 1997இல் திரும்பப் பெறப்பட்ட ஃபென்ஃப்ளூரமின் இப்போது சில அரிய வலிப்பு நோய்களுக்குத் தரப்படுகிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் மகளின் நோயை முதலில் சொல்லிவிடுங்கள்.

சோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை மகளின் மருந்தை ஒருவேளைகூடத் தவறவிடாதீர்கள். மகனுக்கு ஒரு எக்கோ இப்போதே எடுத்து வைப்பது நல்லது. அவன் ஓடும்போது மயங்கினாலோ, மற்ற பிள்ளைகளைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கினாலோ மரபணு முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள்.