மலேரியாவும் கலா ஜாதாவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். மருத்துவ ஆய்வில் கண்டதை மக்களிடம் கொண்டுபோக நாடகம் போடு, பாட்டுப் பாடு என்கிறார்கள். கூட்டம் கூடுகிறது, கைதட்டுகிறது. மறுநாள் எல்லாம் பழையபடிதான். கலையால் ஏதாவது நடக்கிறதா, இல்லை கணக்குக் காட்டத்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நடக்கிறது, ஆனால் எல்லாம் நடப்பதில்லை. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் 2001 டிசம்பரில் மலேரியா பற்றி ஒரு கலா ஜாதா, அதாவது நாட்டுப்புறக் கூத்து நிகழ்ச்சி, நடந்தது. இரண்டு வாரம், மாலை வேளைகளில், உள்ளூர்க் கலைஞர்கள் ஊர்ப் பேச்சிலேயே நடித்தார்கள்.

கொசு என்றால் சாக்கடைதான் நமக்கு நினைவு வரும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவோ பெரும்பாலும் தெளிந்த நீரில் முட்டையிடும். அதில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டால் போதும். ஆய்வாளர்களுக்கு இது பழைய சேதி. ஆனால் கிணற்றுக்காரரிடம் போய் 'உங்கள் நல்ல தண்ணீரில்தான் கொசு பிறக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதையே கூத்தில் ஒரு கோமாளி சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

இரண்டு மாதம் கழித்து, கூத்தைப் பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். பார்த்தவர்களுக்குத் தெளிந்த நீர், கொசு, மீன் மூன்றுக்கும் உள்ள தொடர்பு பிடிபட்டிருந்தது. 2002இல் மீன் விட ஊரே ஒத்துழைத்தது, மலேரியாவும் குறைந்தது. சுற்றுப்புறச் சுத்தம் மட்டும் எதிர்பார்த்த அளவு மாறவில்லை. ஆய்வாளர்களே இதைத் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதனாலேயே அந்தக் கட்டுரை எனக்குப் பிடிக்கும்.

மீன் விடுவது ஒருநாள் வேலை, விட வேண்டிய மீனும் கைக்கு வந்துவிடுகிறது. சுத்தம் தினப்படி வேலை. அதற்கு வாய்க்கால் வேண்டும், குப்பை வண்டி வேண்டும். அது பஞ்சாயத்தின் பொறுப்பு, பாட்டுக்காரர் என்ன செய்வார்?

கதையும் எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. கனடாவில் குரூப் (croup) என்னும், குழந்தைகளுக்கு வந்து மூச்சுத் திணறவைக்கும் குரைப்பிருமலைப் பற்றிய மருத்துவத் தகவல்களைக் கதைப் புத்தகமாக்கி, அவசர சிகிச்சைப் பிரிவில் பெற்றோரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வெளிவந்தது. பெற்றோரின் பதற்றம் குறைந்ததில், சாதாரணத் தகவல் தாளுக்கும் கதைக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது யாருக்குக் கதையில் மனம் போகும்?

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். அடுத்த முறை நாடகக் குழு வந்தால், பார்ப்பவர் மறுநாள் செய்யவேண்டிய ஒரே ஒரு வேலை என்ன என்று முதலில் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றிய நாடகமா? ஆட்டம் முடிந்த கையோடு அங்கேயே ஒரு பெஞ்சைப் போட்டு, வருகிறவர்களின் காலைப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து நாடகம் பார்த்த தெருவில் பத்து வீடு, பார்க்காத தெருவில் பத்து வீடு போய் விசாரியுங்கள். உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது, ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அப்புறம் எனக்கும் எழுதுங்கள்.