உரக் கரைசல் அமிலமா, காரமா: தாள் இல்லாமல் சொல்ல முடியுமா?

கேள்வி: அமோனியம் சல்பேட், டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்), பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு) மூன்றையும் காய்ச்சி வடித்த நீரில் தனித்தனியாகக் கரைத்து பி.எச். தாளை (7 என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) நனைத்துப் பார்த்தேன். முதலாவது 5-க்கும் 6-க்கும் நடுவே, அடுத்தது 8, கடைசி 7. மூன்றும் உப்புதானே, ஏன் இப்படி? தாள் இல்லாமலே சொல்ல முடியுமா? என் மண்ணின் பி.எச். 8.4. அமோனியம் சல்பேட் போட்டால் இறங்குமா?

பதில்: பெரும்பாலும் பெயரை வைத்தே சொல்லிவிடலாம். ஒவ்வோர் உப்புக்கும் ஓர் அமிலமும் ஒரு காரமும் தாய் தகப்பன் மாதிரி. இருவரில் யாருக்கு வலு அதிகமோ, கரைசலில் அவர் கைதான் ஓங்கும்.

அமோனியம் சல்பேட்டுக்கு ஒரு பக்கம் கந்தக அமிலம், வலு மிகுந்தது. மறுபக்கம் அமோனியா, நோஞ்சான் காரம். அதனால் கரைசல் அமிலம். பொட்டாஷில் இரு பக்கமும் வலுவானவை, ஆகவே நடுநிலை. சமையல் சோடாவில் அமிலம்தான் பலவீனம், அது காரம். யூரியா உப்பே இல்லை, இந்தக் கணக்கில் வராது.

டி.ஏ.பி.தான் கொஞ்சம் குழப்பும். பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன் உண்டு. டி.ஏ.பி.யில் இரண்டு போய்விட்டதால், மிச்சமிருக்கும் பாஸ்பேட் நீரிடமிருந்து ஒன்றைத் திரும்ப இழுக்கிறது, அதனால் கரைசல் காரப் பக்கம் போகிறது. அமோனியம் எதிர்ப்பக்கம் இழுத்தாலும் பாஸ்பேட்டே ஜெயிக்கிறது. நீங்கள் பார்த்த 8 அப்படி வந்ததுதான். மோனோ அமோனியம் பாஸ்பேட்டில் ஒன்றுதான் போயிருக்கிறது. அந்தக் கரைசல் நல்ல அமிலம், 4.5 பக்கம் நிற்கும். ஆக, 'பாஸ்பேட்' என்று மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

ஜிங்க் (துத்தநாக) சல்பேட்டும் அமிலப் பக்கம்தான். அதை டி.ஏ.பி. கரைசலோடு ஒரே டேங்கில் ஊற்றினால் நீர் வெள்ளையாகக் கலங்கி, துத்தநாக பாஸ்பேட் மாவுபோல அடியில் படியும். நாசில் அடைப்பது ஒருபுறம், போட்ட துத்தநாகமும் பயிருக்குச் சேராது. தனித்தனியாகத்தான் தெளிக்க வேண்டும்.

சரி, மண்ணுக்கு வருவோம். கரைசலின் பி.எச். வேறு, அந்த உரம் மண்ணில் செய்யும் வேலை வேறு. அமோனியத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போதுதான் நிறைய அமிலம் உண்டாகிறது. கரைசலில் காரம் காட்டும் டி.ஏ.பி.கூட நாளடைவில் மண்ணை அமிலப் பக்கமே தள்ளும். ஆனால் 8.4 என்றால் பெரும்பாலும் சுண்ணாம்பு மண்ணாக இருக்கும். காய்ந்த மண்ணில் சில சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. வரும் அமிலத்தையெல்லாம் அதுவே தின்றுவிடும், பி.எச். லேசில் அசையாது. அமோனியம் சல்பேட்டைத் தழைச்சத்துக்கும் கந்தகச் சத்துக்கும் என்று நினைத்துப் போடுங்கள், மண்ணை மாற்ற அல்ல. மேலாகத் தூவி அப்படியே விடாதீர்கள். கார மண்ணில் அமோனியா ஆவியாகப் போய்விடும். மண்ணோடு கிளறி மூடி, உடனே தண்ணீர் பாய்ச்சுங்கள்.