பைமியோ மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள்

கட்டடக்கலைக்கும் தொழில்துறை வடிவமைப்புக்கும் நேரடித் தொடர்பைக் காட்ட உங்கள் கட்டுரைக்கு ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியைத் தவிர வேறு உதாரணம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. ஃபின்லாந்தின் பைமியோ காசநோய் மருத்துவமனை, 1933இல் கட்டி முடித்தது. கட்டடக் கலைஞர்களான ஆல்வர் ஆல்டோவும் அவர் மனைவி ஐனோவும் கட்டடத்தோடு நிற்காமல் உள்ளே புழங்கும் சாமான்களையும் வடிவமைத்தார்கள்.

கைகழுவும் தொட்டியைக் கவனியுங்கள். தண்ணீர் சாய்வாக விழுந்து சத்தமில்லாமல் வழியும். பக்கத்துக் கட்டில்காரரின் தூக்கம் கெடாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாற்காலியின் முதுகுச் சாய்வோ நோயாளி சிரமமில்லாமல் மூச்சுவிட. உலோகக் குழாயில் செய்தால் சில்லிடும் என்று பிர்ச் மர ஒட்டுப்பலகையை வளைத்து அதைச் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் 1935இல் ஆல்டோ தம்பதியர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய ஆர்டெக் என்ற மரச்சாமான் நிறுவனம் வந்தது. ஒரு கட்டடத்துக்காகப் பிறந்த நாற்காலியை அந்த நிறுவனம் கடையில் விற்கும் பொருளாக விற்றது, இன்றும் விற்கிறார்கள். கட்டுரையைத் தொட்டியிலிருந்து தொடங்குங்கள், நாற்காலியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.